பத்துக்குப் பத்து வாங்கிய பிரேக்

முதல்முறை பிரேக் பிடிக்காமல் போனபோது கார் ஒரு மணல் குவியலில் ஏறி நின்றது. தெருமுனையில் யாரோ வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். மேஸ்திரி கையிலிருந்த டீயைக் கீழே வைக்காமலே வந்து, காருக்குள் குனிந்து பார்த்து, "மணல் வேணும்னா கேட்டு வாங்கிக்கலாமே சார்" என்றார். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். கண்ணாடிக்காரரும் சிரித்தார். சங்கடமான நேரங்களில் அவருக்குச் சிரிப்பு ஒன்றுதான் வரும்.

மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்ததால் அவர் கண்ணாடிக்காரர். கடையின் பின்னறையில் ஆட்களை இருட்டில் உட்காரவைத்து, சுவரில் எழுத்துகளைக் காட்டி, கண்ணாடிச் சில்லை மாற்றி மாற்றிப் போட்டு, "இது தெளிவா, இல்ல இது தெளிவா?" என்று கேட்பது அவர் தொழில். ஒருவர் முகத்துக்கு நேரே உட்கார்ந்து ஆவலோடு கேட்கும்போது "தெரியவில்லை" என்று சொல்ல மனிதர்கள் வெட்கப்படுகிறார்கள் என்பதை அவர் தொழிலில் இறங்கிய சில நாட்களிலேயே கண்டுகொண்டார். அதனால் பவரே இல்லாத வெறும் சில்லு ஒன்றை நடுவில் போட்டு, "இப்ப எப்படி?" என்பார். பாதிப் பேர், "இப்பதான் சார் பளிச்சுன்னு இருக்கு" என்பார்கள். அவர்கள்மேல் அவருக்குக் கோபம் வந்ததில்லை. மறுபடி முதலிலிருந்து சோதிப்பார், அவ்வளவுதான். தானும் அந்தப் பாதியைச் சேர்ந்தவர் என்பது கார் வாங்கும்வரை அவருக்குத் தெரியாது.

காரை விற்ற கம்பெனியே அதைப் பழுது பார்க்கவும் ஓர் இடம் வைத்திருந்தது. அதைப் பட்டறை என்று யாரும் சொல்லக்கூடாது. 'வாகன நல மையம்' என்று வாசலில் எழுதியிருந்தது. உள்ளே சோபா, குளிர், பால் நுரையோடு காபி கொடுக்கும் இயந்திரம். கண்ணாடிச் சுவருக்கு அப்பால் கார்கள் ஆபரேஷன் தியேட்டரில் கிடப்பதுபோல் வெளிச்சத்தில் தூக்கி நிறுத்தப்பட்டிருந்தன. காபி இயந்திரத்துக்கு மேலே, 'இங்கே பழுதுகள் இல்லை, அனுபவங்கள் மட்டுமே' என்று ஒரு பலகை.

வெள்ளைச் சட்டையும் கழுத்துப் பட்டையுமாக ஓர் இளைஞர் எழுந்து வந்து, அவர் கையை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டார். அவர் சேவை ஆலோசகர். கையில் டேப்லெட் வைத்திருந்தார்.

"என்ன அனுபவம் சார் உங்களுக்கு?"

"அனுபவமா? பிரேக் பிடிக்கலப்பா."

ஆலோசகரின் விரல் அந்தரத்தில் நின்றது. "'பிடிக்கல'ன்னு ஒரு வார்த்தை இதுல இல்லையே சார். 'தாமத உணர்வு'ன்னு போட்டுக்கட்டுமா?"

"உணர்வெல்லாம் இல்ல. கார் நிஜமாவே மணல்ல ஏறிடுச்சு."

"ஆனா நின்னுச்சுல்ல சார்?"

"மணல்ல."

"நின்னது," என்று சொல்லிக்கொண்டே ஆலோசகர் தட்டினார்.

சோதனை நடந்தது. மையத்தின் பின்பக்கம் ஒரு முற்றம். ஒரு சுவரிலிருந்து எதிர்ச்சுவர்வரை காரை ஓட்டி நிறுத்தினார்கள். முற்றத்தின் நீளத்துக்குள் கார் ஒரு மனிதன் நடக்கும் வேகத்தைக்கூடத் தொடவில்லை. பிரேக் கச்சிதமாகப் பிடித்தது. நீலச் சட்டை மெக்கானிக் ஒருவர் கண்ணாடிச் சுவருக்கு அப்பாலிருந்து கட்டைவிரலைத் தூக்கிக் காட்டினார்.

"இங்க பிடிக்கும்ப்பா," என்றார் கண்ணாடிக்காரர். "எங்க வீடு இறக்கத்துக்குக் கீழ இருக்கு. ஆளுங்களை ஏத்திக்கிட்டு, கொஞ்ச நேரம் ஓடி, அந்த இறக்கத்துல வர்றப்பதான் பெடல் அப்படியே உள்ள போகுது. ஒரு தடவை அங்க ஓட்டிப் பார்த்தீங்கன்னா…"

"அதுக்கு அனுமதி இல்ல சார். பாதுகாப்பு விதி. பிரேக் சந்தேகம் இருக்கற வண்டியில எங்க ஆள் யாரும் ரோட்டுக்குப் போகக் கூடாது."

"அப்ப நான்?"

"நீங்க எங்க ஆள் இல்லையே சார்," என்றார் ஆலோசகர், மிகுந்த அன்போடு. "நீங்க வாடிக்கையாளர்."

பெடலுக்குக் கீழே கிடந்த மேட் நழுவியிருக்கலாம் என்று முடிவாயிற்று. மேட்டைச் சுருட்டி, ஒரு பிளாஸ்டிக் உறையில் போட்டு, சிறு நாடா கட்டி அவர் கையில் கொடுத்தார்கள். பிறகு ஆலோசகர் டேப்லெட்டை இரு கைகளிலும் ஏந்தி, அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். ஒன்றிலிருந்து பத்துவரை வட்டங்கள். பத்தாம் வட்டம் மட்டும் மஞ்சளாகச் சிரித்தது.

"இன்னைக்கு எங்க சேவைக்கு எத்தனை சார்?"

கண்ணாடிக்காரர் யோசித்தார். "எட்டு?"

ஆலோசகரின் முகத்திலிருந்த ரத்தம் கீழே இறங்கியது. "சார், எங்க கம்பெனியில ஒன்பதுன்னாலே பூஜ்யம். பூஜ்யம் வாங்கினா மகிழ்ச்சிப் பயிற்சிக்கு அனுப்பிடுவாங்க. நிலைக்கண்ணாடி முன்னாடி நின்னு பொழுதுக்கும் சிரிக்கணும் சார். போன தடவை போயிட்டு வந்தவருக்கு இன்னும் வாய் சரியா மூடல. சாப்பிடறப்ப சிந்துது."

கண்ணாடிக்காரர் பத்தைத் தொட்டார்.

வெளியே மரநிழலில் அவர் மனைவி காத்திருந்தார். மேட்டுப் பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். விடைத்தாள் திருத்தும் கண்ணோடுதான் எதையும் பார்ப்பார்.

"பிரேக் பிடிக்கலன்னு தெளிவா சொன்னீங்களா?"

"சொன்னேன்."

"அவங்க என்ன சொன்னாங்க?"

"மேட்டைக் கழட்டிட்டாங்க."

"அதுக்கு நீங்க என்ன சொன்னீங்க?"

கண்ணாடிக்காரர் சாவியைத் தேடுவதுபோல் சட்டைப் பையைத் தடவினார். "பத்து."

இரண்டாம் முறை, மேட் இல்லாதபோதும் பிரேக் பிடிக்கவில்லை. மனைவியையும், அதே பள்ளியில் படிக்கும் மகளையும் இறக்கிவிடப் போயிருந்தார். காலை வரிசை நின்றிருந்தது. தலைமையாசிரியை மைக்கில், "எதையும் எந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்று அறிந்திருப்பதே ஒழுக்கம்" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது கார் வாசலைத் தாண்டி மெல்ல உள்ளே வந்தது. அவசரமே இல்லாமல், வரிசைக்கு முன்னால் ஓர் ஊர்வலம்போல் கடந்து, தலைமையாசிரியை தன் கையால் தண்ணீர் ஊற்றி வளர்த்த பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாகச் சாய்த்து, கடைசித் தொட்டியில் நின்றது. கணக்கு டீச்சர் முன்சீட்டில் தலையைக் குனிந்து, கைப்பையில் எதையோ தேடினார். வரிசை கலைந்து வகுப்புகள் தொடங்கும்வரை தேடினார்.

அந்த முறை மையத்தில் அவருடைய செருப்பைக் கழற்றச் சொல்லிப் பரிசோதித்தார்கள். மூத்த ஆலோசகர் ஒருவர் வந்து செருப்பின் அடிப்பாகத்தை வளைத்துப் பார்த்தார்.

"அடி ரொம்ப மெத்துன்னு இருக்கு சார். நீங்க மிதிக்கறீங்க. ஆனா அது பிரேக்குக்குப் போய்ச் சேரல. அதோட, தப்பா நினைக்காதீங்க, நீங்க சந்தேகத்தோட மிதிக்கறீங்க. பிரேக் இன்னைக்கு ரொம்ப உணர்வுபூர்வமான தொழில்நுட்பம். நம்பி மிதிக்கணும்."

கண்ணாடிக்காரர் வெறுங்காலோடு நின்றபடி தலையாட்டினார். நம்பாமல் மிதித்தது தன் தப்புதானோ என்று ஒரு கணம் அவருக்கே பட்டது. டேப்லெட் வந்தது. இளைய ஆலோசகர் குனிந்து, செருப்பைத் தன் கையாலேயே அவர் காலருகே எடுத்துவைத்தார். அப்படிச் செய்தவருக்கு எப்படி ஒன்பது போடுவது?

இதற்குப் பிறகு பிரேக் எப்போது பிடிக்கும், எப்போது பிடிக்காது என்பதைக் குடும்பம் வானிலைபோல் பழகிக்கொண்டது. காலையில் பெரும்பாலும் பிடிக்கும். வெயில் ஏறினால் சந்தேகம். மாலையில் மூன்று பேரோடு இறக்கத்தில் இறங்கும்போது பெடல் சேற்றில் மிதித்ததுபோல் உள்ளே போகும். ஹேண்ட்பிரேக்குக்குப் பாதி உயிர்தான். அதைச் சரியான இடத்தில் இழுத்தால் கார் தெருக்கோடிவரை உருண்டுபோய்க் களைத்து நிற்கும்.

மகள் முன்சீட்டுக்கு வந்தாள். ஹேண்ட்பிரேக் அவள் பொறுப்பு. டீச்சர் பின்சீட்டில், கண்ணாடியை இறக்கிவிட்டு, வகுப்பறைக் குரலில் "ஓரம் போங்க! ஓரம்!" என்று கத்துவார். கண்ணாடிக்காரர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு எதிரில் வருபவர்களைப் பார்த்து மன்னிப்புக் கேட்கும் பாவனையில் சிரிப்பார்.

"அப்பா, மருந்துக்கடை வந்ததும் இழுக்கட்டுமா, அதுக்கு முன்னாடியேவா?"

"கொஞ்சம் முன்னாடிம்மா."

"நேத்து முன்னாடி இழுத்து வழியிலயே நின்னுடுச்சு. இன்னைக்கு மருந்துக்கடையிலயே இழுக்கறேன். நீ பாரேன், சுவரோரம் இருக்கற டயர்ல படாம நிக்கும்."

அவளுக்கு அதில் பெருமை இருந்தது. பள்ளியில் யாருடைய அப்பாவும் யாருக்கும் இவ்வளவு பெரிய வேலை கொடுக்கவில்லை. அந்தப் பெருமையைப் பார்க்கும்போது மட்டும் கண்ணாடிக்காரர் சிரிப்பை நிறுத்திவிட்டு ரோட்டைப் பார்ப்பார்.

டயர்கள் தெரு கொடுத்தவை. தெருக்கோடிச் சுவரில் கார் ஒருமுறை லேசாக முட்டியதைப் பார்த்த மருந்துக்கடைக்காரர், எங்கிருந்தோ பழைய டயர்களை உருட்டி வந்து சுவரோரம் அடுக்கிவைத்தார். மாலையில் கார் இறக்கத்தின் உச்சியில் தெரிந்ததும் பந்து விளையாடும் பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு படியேறிவிடுவார்கள். சாய்வு நாற்காலியில் இருப்பவர் நாற்காலியோடு உள்ளே போவார். கார் நின்றதும் எல்லாரும் பழைய இடத்துக்குத் திரும்புவார்கள். ஒருநாள் மருந்துக்கடைக்காரர் தயங்கித் தயங்கி வந்தார்.

"அண்ணே, தப்பா எடுத்துக்காதீங்க. கிளம்பறதுக்கு முன்னாடி ஒரு போன் போட்டுட்டீங்கன்னா நல்லாருக்கும். கடை வாசல்ல ஆளுங்க நிப்பாங்க."

"கண்டிப்பா," என்று கண்ணாடிக்காரர் சிரித்தார். வீட்டுக்குள் வந்து, விளக்கைப் போடாமல் வெகுநேரம் செருப்போடு உட்கார்ந்திருந்தார்.

"வேற மெக்கானிக்கிட்ட காட்டலாம்ல?" என்றார் டீச்சர். காட்டினார்கள். கடைத்தெரு மெக்கானிக் முன்பக்கத்தைத் திறந்தார். பிரேக் டப்பாவின்மேல் ஒட்டியிருந்த கம்பெனி முத்திரையைக் கண்டதும், தூங்கும் குழந்தையை எழுப்பிவிடாமல் கதவைச் சாத்துவதுபோல் மூடியைச் சாத்தினார். முத்திரை உடைந்தால் வாரன்டி போய்விடும் என்றார்.

"வித்துத் தொலைங்க."

"வாங்கறவங்ககிட்ட என்னன்னு சொல்லி விக்கறது?"

"அப்ப காரை நிறுத்திட்டு பஸ்ல போலாம். எனக்கு ஒண்ணும் மானம் போயிடாது."

அவருக்குப் போகும் என்று தோன்றியது. புதுக் காரை வாசலில் நிறுத்திவிட்டுக் குடும்பத்தோடு பஸ்ஸுக்கு நின்றால் தெரு என்ன நினைக்கும்? தெருவுக்கு எல்லாம் தெரியும். டயர் அடுக்கியதே தெருதான். அது அவருக்கும் தெரியும். ஆனாலும் ஒவ்வொரு முறை மையத்திலிருந்து திரும்பும்போதும், "இனிமே வராது சார்" என்று அவர்கள் சொன்னதை அவர் நம்பினார். நம்பாவிட்டால், நம்பாமலே மகளை முன்சீட்டில் உட்காரவைக்கிற மனிதனாகிவிடுவார். அதைவிட நம்புவது எளிதாக இருந்தது.

ஒருநாள் மகள் இழுக்கச் சற்றுத் தாமதித்தாள். கார் டயர்களில் மோதி, அவள் நெற்றி முன்பலகையில் இடித்துப் புடைத்தது. அழவில்லை. "ஸாரிப்பா, லேட்டா இழுத்துட்டேன்" என்றாள்.

மறுநாள் அவர் கடையைத் திறக்காமல் மையத்துக்குப் போய், மேலிடத்தில் யாரையாவது பார்க்க வேண்டும் என்றார். ஆலோசகர் அவரை மாடிக்கு அழைத்துப் போனார். அங்கே 'வாடிக்கையாளர் மகிழ்ச்சிப் பிரிவு' இருந்தது. அதன் மேலாளர் அம்மையாரை எல்லாரும் மகிழ்ச்சி மேடம் என்றார்கள். அவர் எழுந்து நின்று கைதட்டி வரவேற்றார்.

"நீங்கதானா அது! உங்க கணக்கைப் பார்த்துட்டு நேத்துதான் சார் பேசிட்டிருந்தோம். பத்து, பத்து, பத்து! என் சர்வீஸ்ல இப்படி ஒரு மனுஷரைப் பார்த்ததில்ல."

"மேடம், நான் ஒரு புகார் குடுக்க வந்தேன்."

"தாராளமா குடுங்க," என்று மேடம் திரையைப் பார்த்தார். அவர் நெற்றி வருத்தத்தில் சுருங்கியது. "ஆனா திறக்காது சார். புகார் ஜன்னல், ஆறோ அதுக்குக் கீழயோ குடுத்தவங்களுக்குத்தான் திறக்கும். சந்தோஷமா இருக்கறவங்க புகார் பண்ணி மனசைக் கெடுத்துக்கக் கூடாதுன்னு அப்படி அமைச்சிருக்கோம்."

"நான் சந்தோஷமா இல்ல மேடம். என் பொண்ணுக்கு நெத்தியில அடி பட்டிருக்கு."

"அய்யோ பாவம். ஆனா, பத்து குடுத்திருக்கீங்களே?"

"அந்தப் பையனுக்காகக் குடுத்தேன்."

"பாருங்க, எவ்வளவு பெரிய மனசு!" மேடம் நெஞ்சில் கைவைத்துக்கொண்டார். "பழைய பத்தை மாத்தவும் வழி இருக்கு சார். ஆலோசகரைக் கூப்பிட்டு, அவர் முன்னாடி, 'நான் இத்தனை நாளும் பொய் சொன்னேன்'னு மூணு தடவை வாய்விட்டுச் சொல்லணும். கூப்பிடட்டுமா?"

கண்ணாடிக்காரர் தரையைப் பார்த்தார். கதவருகே ஆலோசகர் காபியோடு நின்றிருந்தார்.

"வேண்டாம்."

"நீங்க ஒண்ணு புரிஞ்சுக்கணும் சார். பிரேக் ஒரு பாகம். பாகம்னா தேயும், போகும். மகிழ்ச்சி அப்படி இல்ல. அது ஒரு பண்பாடு. இந்த ஜன்னலை ஆறும் அதுக்குக் கீழயும்னு மாத்தினதுலேர்ந்து பிரேக் பத்தி ஒரே ஒரு புகார்கூட வரல தெரியுமா? தலைமை அலுவலகத்துலேர்ந்து வந்து, எப்படிச் சாதிச்சீங்கன்னு கேட்டாங்க. பிரேக்ல நாங்க எதையுமே மாத்தலன்னு சொன்னதும் அசந்துட்டாங்க."

பிறகு மேடம் ஒரு நற்செய்தி சொன்னார். இந்த ஆண்டின் 'அதிமகிழ்ச்சி வாடிக்கையாளர்' அவர்தான். குடும்பத்தோடு வர வேண்டும். மண்டல இயக்குநர் கேடயம் கொடுப்பார்.

வீட்டில் இதைச் சொன்னபோது டீச்சர் சிரித்த சிரிப்பில் குக்கர் சத்தம் கேட்கவில்லை. மகள் மட்டும் யோசித்தாள். நெற்றியில் புடைப்பு நீலமாகியிருந்தது.

"அப்பா, மைக் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்கன்னு நினைக்கறேன்."

"அப்ப அதுலயே சொல்லிடேன். எல்லாரும் கேப்பாங்கல்ல? மேடம் அழிக்க முடியாது."

டீச்சர் சிரிப்பை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தார்.

"சொல்றேன்," என்றார் கண்ணாடிக்காரர்.

"நிஜமா?"

"நிஜமாம்மா."

கடையின் இருட்டறையில், ஆள் இல்லாத நேரங்களில், எழுத்துப் பலகையைப் பார்த்தபடி அவர் ஒத்திகை பார்த்தார். "பிரேக் பிடிக்கவில்லை." இரண்டே சொற்கள். பிள்ளைகள்கூடச் சொல்லிவிடும். எதிர் நாற்காலி காலியாக இருக்கும்போது அவரும் நன்றாகச் சொன்னார்.

விழா கார்க் காட்சிக்கூடத்தில் நடந்தது. தூண்களில் பலூன்கள். மண்டல இயக்குநர் பேசினார்.

"நம்ம போட்டிக் கம்பெனிங்க என்ன பண்றாங்க? பணத்தைக் கொட்டி வண்டியைச் சரி பண்றாங்க. வண்டியைச் சரி பண்ணினா அந்த ஒரு வண்டிதான் சரியாகும். நாம வாடிக்கையாளரைச் சரி பண்றோம். அவர் எந்த வண்டியில போனாலும் சந்தோஷமா போவார்!"

கைத்தட்டல். கண்ணாடிக்காரரை மேடைக்கு அழைத்து, கேடயத்தைக் கொடுத்து, மைக்கை நீட்டினார்கள். அவர் முதல் வரிசையைப் பார்த்தார். மகள் நாற்காலி நுனியில் இருந்தாள். உதடு தானாக அசைந்துகொண்டிருந்தது. அவருக்கு அடியெடுத்துக் கொடுக்கிறாள்.

"எல்லாருக்கும் வணக்கம். பிரேக் பத்தி ஒண்ணு சொல்லணும்."

குளிர்சாதனத்தின் இரைச்சல் கேட்டது. மூன்றாம் வரிசையில் ஆலோசகர் இருந்தார். பக்கத்தில் அவர் அம்மா, மகன் வேலை செய்யும் இடத்தைப் பார்க்க வந்தவர், புதுச்சேலையில், மேடையை வாய் திறந்து பார்த்துக்கொண்டிருந்தார். இயக்குநர் 'சொல்லுங்க சொல்லுங்க' என்று தலையசைத்தார். எல்லா முகங்களும் ஆவலோடு அவர் முகத்துக்கு நேரே இருந்தன.

"பிரேக்," என்றார் மறுபடி. தொண்டையைச் செருமினார். "இவங்க ரொம்ப நல்லா கவனிச்சுக்கறாங்க."

கூடம் அதிர்ந்தது. ஆலோசகரின் அம்மா எழுந்து நின்று தட்டினார். மகள் தட்டவில்லை. அவள் உதடுகள் மட்டும் நின்றுபோயிருந்தன.

அடுத்தது புகைப்படம். அதிமகிழ்ச்சிக் குடும்பம் கேடயத்தோடு முன்னால் நிற்க, அவர்களுடைய காரையே இயக்குநர் வாசல் சரிவு வழியாக ஓட்டி வந்து பின்னால் நிறுத்துவது என்று ஏற்பாடு. வாசலில் காரின் சத்தம் கேட்டது.

அப்போது கூடத்தில் ஒரு சிறு அசைவு நடந்தது. யாரும் ஓடவில்லை. யாரும் கூச்சலிடவில்லை. நீலச் சட்டை மெக்கானிக்குகள் பேசிக்கொண்டே வலப்பக்கத் தூண்களுக்குப் பின்னால் போனார்கள். மூத்த ஆலோசகர் ஷூ நாடாவைக் கட்டுவதுபோல் குனிந்து அப்படியே மேடைக்குப் பின்னால் நகர்ந்தார். இளைய ஆலோசகர் அம்மாவின் தோளைப் பிடித்து, "இந்தப் பக்கம் வாம்மா, இங்கேர்ந்து நல்லா தெரியும்" என்று தூணுக்குப் பின்னால் இழுத்துக்கொண்டார். புகைப்படக்காரர் இரும்பு அலமாரிக்கு அப்பாலிருந்து காமிராவை மட்டும் நீட்டினார். மாலையில் கார் இறக்கத்தில் தெரிந்ததும் தெரு விலகுமே, அதே நேர்த்தி.

எல்லாருக்கும் தெரியும் என்பது கண்ணாடிக்காரருக்கு அப்போதுதான் உறைத்தது.

டீச்சர் மகளின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு அருகிலிருந்த தூணுக்குப் பின்னால் பாய்ந்தார். அங்கே ஏற்கெனவே மகிழ்ச்சி மேடம் இருந்தார். "மன்னிக்கணும், இங்க இடம் கம்மி," என்று கிசுகிசுத்தார். பிறகு, குழந்தைக்காக ஒருக்களித்துக்கொண்டார்.

"என்னங்க, நகருங்க!" என்றார் டீச்சர்.

"அப்பா!"

கண்ணாடிக்காரர் கேடயத்தோடு நின்றார். நகர வேண்டும் என்று கால்களுக்குத் தெரிந்தது. ஆனால் இயக்குநர் காரின் முன்கண்ணாடி வழியாக அவரையே பார்த்துச் சிரித்துக்கொண்டு வந்தார். அந்த முகத்துக்கு நேரே, அவர் ஓட்டி வரும் காரைக் கண்டு விலகி ஓடினால் நன்றாகவா இருக்கும்? அவரும் சிரித்தார். கார் சரிவேறி, கூடத்துக்குள் நுழைந்து, அவர் முழங்காலுக்கு ஒரு சாண் தள்ளி, குலுங்காமல் நின்றது.

தூண்களுக்குப் பின்னாலிருந்து கைத்தட்டல் எழுந்தது. பிறகு தட்டியவர்கள் வந்தார்கள்.

"இதுதான் எங்க தயாரிப்பு மேல எங்களுக்கு இருக்கற நம்பிக்கை!" என்று மகிழ்ச்சி மேடம், தோளில் ஒட்டிய சுண்ணாம்பைத் தட்டிக்கொண்டே, மைக்கில் அறிவித்தார்.

வாசலில் மகள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். "ஏன்ப்பா நகரல?"

"போட்டோ எடுத்துட்டிருந்தாங்கம்மா."

டீச்சர் காரில் ஏறவில்லை. மகளோடு பஸ் நிறுத்தத்தை நோக்கி நடந்தார். அன்று முதல்முறையாக முன்சீட்டில் கேடயம் உட்கார்ந்து வந்தது.

தனி ஆளாக வந்தும் இறக்கத்தின் உச்சியிலேயே பெடல் உள்ளே போய்விட்டது. கத்த ஆளில்லை. அவரே கண்ணாடியை இறக்கி "ஓரம்" என்றார், யாருக்கும் கேட்காத குரலில். ஹேண்ட்பிரேக்கை எங்கே இழுப்பது என்று அவருக்குப் பழக்கமில்லை. மருந்துக்கடை கடந்துபோயிற்று. கார் டயர்களில் மோதி, இரண்டு டயர்கள் எகிறித் தெருவில் உருண்டன. கேடயம் கீழே விழுந்து அதன் கண்ணாடி விரிசல் விட்டது. அவர் இறங்கவில்லை. மருந்துக்கடைக்காரர் படியிறங்கி வந்தார். பந்தோடு பிள்ளைகள் வந்தார்கள். பஸ்ஸில் வந்திறங்கிய டீச்சரும் மகளும் வந்து நின்றபோதும் அவர் ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தார்.

அப்போது போன் வந்தது. அழைப்புகள் காரின் ஒலிபெருக்கியில்தான் வரும். அதுவும் கம்பெனி ஏற்பாடு. ஒரு பெண்குரல் தெரு முழுக்கக் கேட்டது.

"வணக்கம் சார்! வாகன நல மையத்துலேர்ந்து பேசறோம். இன்னைக்கு விழாவுக்கு பத்துக்கு எத்தனை சார் குடுப்பீங்க?"

கண்ணாடிக்காரர் மகளைப் பார்த்தார். அவள் தெருவில் கிடந்த டயரைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"ஒன்பது," என்றார்.

"சார், கை தவறிப் பட்டிருக்கும்."

"கை இல்லம்மா. வாயாலதான் சொன்னேன்."

"ஒன்பதுன்னா உங்க ஆலோசகருக்குப் பூஜ்யம் ஆயிடும் சார். புகார் ஜன்னலும் திறக்காது, அதுக்கு ஆறு வரணும். பழையபடி பத்தே போட்டுடட்டுமா?"

"ஆறு சொல்லுங்கண்ணே," என்றார் மருந்துக்கடைக்காரர், மெல்ல.

"எட்டு," என்றார் கண்ணாடிக்காரர்.

"ஆறுங்க!" இது டீச்சர்.

புதுச்சேலையில் எழுந்து நின்று தட்டிய அந்த அம்மா கண்முன் வந்தார். ஒத்திகை பார்த்த இருட்டறை வந்தது. மகளின் உதடுகள் மறுபடி அசைவதைப் பார்த்தார்.

"ஏழு," என்றார். அடுத்ததற்காக மூச்சை இழுத்தார்.

"ஏழு பதிவாயிடுச்சு சார். உங்க வெளிப்படையான மனசுக்கு நன்றி. இனிய மாலை!"

இணைப்பு போயிற்று. அந்த இளைஞரை நிலைக்கண்ணாடி முன் நிறுத்த ஏழு போதும். ஜன்னலைத் திறக்கப் போதாது. தெருவில் இதை யாரும் யாருக்கும் விளக்க வேண்டியிருக்கவில்லை. பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு போனார்கள். மருந்துக்கடைக்காரர், "கடையில ஆள் நிக்குது" என்று சொல்லிவிட்டு ஆளில்லாத கடைக்குத் திரும்பினார்.

கண்ணாடிக்காரர் மகளைப் பார்த்துச் சிரிக்கப் போனார். வாய் விரியவில்லை.

மகள் பையைத் தரையில் வைத்தாள். உருண்டுபோன டயர்களில் ஒன்றை நிமிர்த்தி, தள்ளிக்கொண்டு வந்து சுவரோரம் சாய்த்தாள்.

"விடும்மா. அப்பா பண்றேன்."

"நாளைலேர்ந்து நானும் அம்மாவும் பஸ்லயே போறோம்ப்பா." காலால் டயரை அமுக்கி, அசைகிறதா என்று பார்த்தாள். "ஹேண்ட்பிரேக் இழுக்க ஆள் இருக்காது. இன்னும் ரெண்டு அடுக்கு வேணும். இல்லன்னா உனக்கு அடி பட்டுடும்."

அவர் இறங்கினார். இன்னொரு டயரை உருட்டி வந்து, அவள் விரல் காட்டிய இடத்தில் வைத்து, அவள் சரி என்று சொல்லும்வரை பிடித்துக்கொண்டு நின்றார்.